கேலன் வேண்டாம் என்ற விமானம்

வெர்னா ஹ்ருஸ்கா எங்கள் பக்கத்துத் தபால்காரி. நெப்ராஸ்காவின் சரளைக்கல் சாலைகளில் நாள் முழுக்க வண்டி ஓட்டி, பண்ணை பண்ணையாகத் தபால் போடுகிறவள். மகள் டென்வருக்குக் குடிபோன பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கேலன் டீட்கே அவளோடு பள்ளியில் படித்தவன், தானியக் கிடங்கில் மேற்பார்வையாளன். அவனுக்கு அவளைவிட முன்பே பறக்கத் தெரியும். அவன் மனைவி ஜோலீன் வெர்னாவுக்கு நெருங்கிய தோழி. தன் விவாகரத்துக்குப் பிறகு வெர்னா ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டில் சமைத்ததே கிடையாது. கேலன் வீட்டு மேஜையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது.

எங்கள் வில்லோ கிரீக் மைதானத்தில் ஓடுதளம் என்பது வெட்டிய புல்தான். அங்கே வாடகைக்கு இருந்த ஒரே விமானத்தை அதன் சொந்தக்காரர் அந்த இலையுதிர்காலத்தில் விற்றுவிட்டார். பழைய வால்சக்கர விமானம் அது. மூக்கடியில் சக்கரம் கிடையாது. வாலுக்கடியில்தான் சின்னதாக ஒன்று இருக்கும். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், முன்னால் இருப்பது தெரியாது. இறங்கும்போது காலில் கவனம் தப்பினால் வால் முந்திக்கொண்டு வந்து விமானத்தையே சுற்றிவிடும். ஆனால் புல்லுக்கும் மேடுபள்ளத்துக்கும் அதுபோல ஒன்று வராது. அதில் பழகியவர்களுக்கு வேறெதுவும் ருசிக்காது.

"நாம ரெண்டு பேருமா பாதிப் பாதி போட்டு ஒண்ணு வாங்குவமா?" என்று டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை கேலன்தான் கேட்டான். மைதானக் கொட்டகையில் காப்பி போடுவது என் வேலை என்பதால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கப் விமானம்தான் புடிக்கும்," என்றாள் வெர்னா.

"கப்பா! அதுக்குக் குடுக்கற காசுல ஒரு வீடு வாங்கிடலாம்."

"வீடு பறக்காதே."

"நம்ம ஊர்ல சூறாவளி வந்தா பறக்கும்."

அன்றைக்கே என்னென்ன வேண்டும், என்னென்ன வேண்டாம் என்று பேசி முடித்தார்கள். இரண்டு இருக்கை போதும். பெட்ரோல் அதிகம் குடிக்கக் கூடாது. கேலனுக்கு ரத்த அழுத்தம். டாக்டரிடம் போனால் விமானிக்கான உடல்தகுதிச் சான்று கிடைக்காது என்ற பயம். சான்று இல்லாமல் வெறும் கார் லைசென்ஸோடு ஓட்டலாம் என்றால் சட்டப்படி எடை குறைந்த விமானமாக இருக்க வேண்டும். அதனால் எடை கூடிய செஸ்னா 120, 140 வகைகள் எல்லாம் முதலிலேயே அடிபட்டுப் போயின. வெர்னாவுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, அவள் குதிரைபோல் இருந்தாள். ஆனாலும் அவனுக்காக அதை விட்டாள். அதை ஒரு விட்டுக்கொடுத்தலாகக்கூட அவள் நினைக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க அவன் பிக்கப்பில் தேடிப் போனார்கள். கான்சஸில் ஒரு டெய்லர்கிராஃப்ட் பார்த்தார்கள். வேகமான, சிக்கனமான விமானம், ஆனால் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும். கேலன் பருத்த ஆள். கதவைச் சாத்தியதும் வெர்னா ஜன்னலோடு அப்பிக்கொண்டாள்.

"மூச்ச விடாத, நான் கதவத் தொறந்து விழுந்துடுவேன்," என்றாள்.

"நீ மட்டும் என்ன, ஈர்க்குச்சியா?"

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பிறகு கேலன் இறக்கையின் பார்வைத் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உள்ளே மரக்கட்டையில் விரிசல் என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான். அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஓட்டுவது அவளுக்குத் தெரியும், விமானத்தின் குடலைப் பார்ப்பது அவன் வேலை. இப்படித்தான் அவர்களுக்குள் பழக்கம்.

பிப்ரவரியில் தெற்கு டகோட்டாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆர்டித் என்ற கிழவி, கணவன் ஆல்வின் செத்த பிறகு அவனுடைய சாம்ப் விமானத்தை விற்கிறாளாம். போனார்கள்.

களஞ்சியக் கதவைத் திறந்ததும் வெர்னா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். விமானம் முழுக்க டிராக்டர் பச்சை. சக்கரத்துக்கு மட்டும் மஞ்சள்.

"டிராக்டருக்கு வாங்கின பெயின்ட் மீந்துபோச்சுன்னு இதுக்கு அடிச்சுட்டார்," என்றாள் ஆர்டித். "மேல பறக்கறப்போ பக்கத்து வீட்டுக்காரங்க, 'ஆல்வின் உழுதுட்டு வர்றான்'னு கேலி பண்ணுவாங்க."

வெர்னா முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். மூக்குக்கு மேலாகப் பார்த்தால் முன்னால் தரை தெரிந்தது. இந்த வகையில் அது பெரிய விஷயம். கைக்குக் கட்டைபோல ஒரு கோல், காலுக்கு இரண்டு மிதி, கண்ணுக்கு நாலைந்து முள்வட்டங்கள். அவ்வளவுதான். அவள் கதவைப் பிடித்தபடி வெகுநேரம் இறங்கவேயில்லை.

"வெளிய வா பொண்ணே, விறைச்சுப் போயிடுவ," என்று ஆர்டித்தான் கூப்பிட்டு வீட்டுக்குள் அழைத்துப் போனாள். கேலன் களஞ்சியத்திலேயே இருந்து விமானத்தின் அடிவயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

அடுப்படியில் காப்பியும் பிளம்ஸ் வைத்துச் சுட்ட கூகன் என்ற இனிப்புப் பண்டமும் கொடுத்துவிட்டு ஆர்டித் சொன்னாள்: "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்னு வருஷா வருஷம் சொல்லுவார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லியே கடைசி வரைக்கும் பின் சீட்டுலதான் உக்காத்தி வச்சார். வேடிக்கை பாக்கறதுக்கு வாங்கி நிறுத்தறவனுக்கு இதக் குடுக்க மாட்டேன். நீ ஓட்டுறியாமே. உனக்குன்னா குடுக்கறேன்." அவள் சொன்ன விலையைக் கேட்டு வெர்னா காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். ஊர் விலையில் பாதிகூட இல்லை.

"இவ்வளவு கம்மியா குடுக்காதீங்க. நாளைக்கு உங்க பிள்ளைங்க உங்களத் திட்டுவாங்க."

"அவங்க என்ன அவர்கூடப் பறந்தாங்களா?"

கேலன் உள்ளே வந்து கைகழுவினான். கூகன் சாப்பிட்டான். நல்ல விமானம், யோசித்துச் சொல்கிறோம் என்றான். பிக்கப்பில் ஏறிப் பண்ணை வாசலைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"வேண்டாம் வெர்னா."

"என்னது?"

"துரு. வாலுக்கிட்ட, துணிக்கு உள்ள இருக்கே குழாய், அது மொத்தமும் போச்சு. ஸ்க்ரூ டிரைவர வச்சு அமுக்கினா உள்ள போவுது. ஒரு நாள் நடுவானத்துல வால் தனியா, நீ தனியான்னு ஆயிடும். பாவம், அந்தம்மா முன்னாடி சொல்ல மனசு வரல."

வெர்னாவுக்கு அழுகை வந்தது. "நான் எப்படி அவங்ககிட்டச் சொல்லுவேன்? எனக்குன்னு குடுக்கறேன்னாங்க."

"நீ சொல்ல வேணாம். நான் போன் பண்ணிப் பக்குவமாச் சொல்லிக்கறேன். புருஷன் விட்டுப்போன சாமான், துருன்னு சொன்னா அது மனசு ஒடிஞ்சுபோகும். வேற ஏதாவது காரணம் சொல்லிடறேன்."

எவ்வளவு நல்ல மனசு இவனுக்கு என்று அன்றைக்கு அவள் நினைத்தாளாம். பிறகு என்னிடம் சொல்லும்போது அந்த இடத்தில்தான் அவள் நிறுத்தினாள்.

அதற்குப்பின் தேடுவது தளர்ந்தது. விலையெல்லாம் ஏறிக் கிடக்கிறது, கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்றான் கேலன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மேஜைக்கு வருவதும் குறைந்தது. ஜோலீனின் தம்பி கர்ட்டுக்கு ப்ளம் ஹாலோவில் பெரிய பண்ணை. அங்கே ஏதோ கொட்டகை கட்டுகிறார்கள், கேலன் உதவப் போயிருக்கிறான் என்று ஜோலீன் சொல்லுவாள். சொல்லிவிட்டு வெர்னா தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைப்பாள்.

மே மாதக் கடைசியில் ப்ளம் ஹாலோ மைதானத்தில் விமானக்காரர்களுக்குப் பேன்கேக் காலைச் சாப்பாடு. வருஷா வருஷம் நடப்பது. அந்த ஊரில் பேன்கேக் சுடுகிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒத்தாசைக்கு வெர்னாவை அழைத்துக்கொண்டு காரில் போனேன். அவள் வருவது யாருக்கும் தெரியாது.

அவள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது மேற்கேயிருந்து ஒரு சிறிய எஞ்சின் சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தோம். டிராக்டர் பச்சை, மஞ்சள் சக்கரம். காற்று குறுக்கே அடித்தது, ஆனாலும் பூப்போல இறங்கியது. வெர்னா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். யாரோ அதைச் சரிசெய்து பறக்கவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

முன்னிருக்கையிலிருந்து கேலன் இறங்கினான். பின்னாலிருந்து கர்ட்.

அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். கர்ட்டுக்கு விஷயம் எதுவும் தெரியாது. "அட, வெர்னா! எப்படி இருக்கு எங்க தவளை? அழகு இல்ல?" என்றான்.

வெர்னா கேலனைப் பார்த்தாள். "துருன்னியே."

கேலன் தட்டைப் பார்த்தான். "இருந்துச்சு. அப்புறம் சரி பண்ணிட்டோம்."

"துருவா?" என்றான் கர்ட். "எந்தத் துரு? களஞ்சியத்துலயே வளந்த விமானம், ஒரு பொட்டுத் துரு கிடையாது. மார்ச்ல எடுத்துட்டு வந்தோம், அதே வாரம் பறந்துட்டோம். ஏன் கேலன், நீதானே சொன்ன, நீ பாத்ததுலயே இதுதான் சுத்தம்னு?"

கல்லில் பேன்கேக் கருகியது. நான் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கார்கள் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தாள். கேலன் பின்னால் ஓடினான். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சொல்லணும்னுதான் இருந்தேன், வெர்னா."

"எப்போ? நான் செத்தப்புறமா?"

"கர்ட் முழுப் பணமும் போடறேன்னான். நான் பறந்து பராமரிச்சாப் போதும்னான்."

"அப்படின்னா அத என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. 'கர்ட்கூட வாங்கறேன், நீ விலகிக்கோ'ன்னு ஒரு வார்த்தை. ஏன் துருன்ன? ஏன் என்ன அந்தப் பொம்பளகிட்டருந்து பிரிச்ச?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உண்மையச் சொல்லவா? நீ இறக்குறதப் பாத்தா எனக்குப் பயம். பாதிப் பங்குன்னா நீயும் ஓட்டுவ. என்னைக்காவது அதச் சுத்தவிட்டு ரெக்கைய ஒடச்சுடுவ. அப்படி ஒரு விமானம் எனக்கு இன்னொரு தடவ கிடைக்குமா?"

"ஒரே ஒரு தடவதான் சுத்துச்சு. அதுவும் எலி வளையில சக்கரம் மாட்டி."

"எலி வளை எதுவும் இல்ல, வெர்னா."

வில்லோ கிரீக்கின் அந்தப் பழைய வாடகை விமானத்தை அவள் ஒருமுறை இறக்கும்போது அது சுழன்று இறக்கை நுனி புல்லில் உரசியது. கேலன் பக்கத்தில் இருந்தான். குதித்து இறங்கி, பார்த்துவிட்டு வந்து, எலி வளை, உன் தப்பில்லை என்றான். ஊரெல்லாம் அப்படியே சொன்னான். அந்த ஒரு வார்த்தையால்தான் அவள் மறுவாரமும் பறந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் திருத்திட்டிருப்பேனே," என்றாள்.

"சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு."

"இப்ப என்ன, சந்தோஷமா இருக்கேனா?"

நாங்கள் காரில் ஊருக்குத் திரும்பினோம். ஊர் எல்லையில், "ஜோலீன் வீட்ல நிறுத்து," என்றாள். நான் காரிலேயே இருந்தேன். ஜோலீன் கதவைத் திறந்தாள், கையில் பாத்திரம் துடைக்கிற துணி. வெர்னா ஒரே ஒரு கேள்வி கேட்டது எனக்குக் கேட்டது: "உனக்குத் தெரியுமா?" ஜோலீன் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வெர்னா திரும்பி வந்து காரில் உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா அவ கையால சாப்பிட்டிருக்கேன்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியாக ஆர்டித் வீட்டுக்குப் போனாள். அங்கே இன்னொன்று காத்திருந்தது. கிழவி வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்து, "உடம்பு தேவலையா? பயம் தெளிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"என்ன பயம்?"

"அவன்தான் போன்ல சொன்னானே. உனக்கு என்னமோ திடீர்னு பயம் புடிச்சுக்கிச்சு, விமானத்துக்கிட்டயே போகமாட்டேங்கறன்னு. 'நானே வாங்கி வைக்கறேன், அவளத் தேத்திக் கூட்டிட்டு வந்து ஓட்ட வைக்கறேன், பாதி அவளுக்குத்தான்'னான். அதனாலதானே அந்த வெலைக்கே குடுத்தேன்? உனக்குன்னுதானே குடுத்தேன்?"

வெர்னா எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்டித் நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்து, வெர்னா முன்னாலேயே கேலனைக் கூப்பிட்டாள்.

"நான் ஆல்வின் பொண்டாட்டி பேசறேன். உன்ன என் மேஜையில உக்கார வச்சுக் கூகன் குடுத்தேன். இனிமே அந்த விமானம் என் பண்ணைக்கு மேல பறக்கறத நான் பாக்கக் கூடாது. ஆமா, சட்டப்படி உன்னுதுதான். நான் சட்டம் பேசல." வைத்துவிட்டாள். வெர்னா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வெர்னாவைப் பிடித்துக்கொண்டது வேறொரு சந்தேகம். கேலன் வேண்டாம் என்றதெல்லாம் பொய்யா? அந்தக் குளிர்காலமே பொய்யா? கான்சஸ் டெய்லர்கிராஃப்ட் இன்னும் விலைபோகாமல் கிடந்தது. கேலனைத் தெரியாத ஒரு மெக்கானிக்கை வெளியூரிலிருந்து பிடித்து, கூட அழைத்துப்போனாள். இந்தத் தடவை அவளும் விளக்கை வாங்கித் துளைக்குள் பார்த்தாள். இறக்கைக் கட்டையில் கேலன் சொன்ன இடத்திலேயே, சொன்ன நீளத்துக்கு விரிசல் இருந்தது.

வந்து என்னிடம் சொன்னாள்: "பொய்யா இருந்திருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். ஆரம்பத்துலருந்தே ஏமாத்தினான்னு விட்டுட்டுப் போயிருப்பேன். அதுவரைக்கும் அவன் நெஜமாவே என்கூடத்தான் தேடியிருக்கான். அந்தப் பச்சையப் பாத்தப்புறம்தான் மாறியிருக்கான்."

கோடை முழுக்க அவள் ஒரு கிழட்டுப் பயிற்சியாளரோடு வாடகை விமானத்தில் பக்கத்து மாவட்டத்தில் குறுக்குக் காற்றில் இறங்கிப் பழகினாள். "ஏதாவது தப்புன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, தேன் தடவாதீங்க," என்று முதல் நாளே கேட்டுக்கொண்டாளாம். அவர் தடவவில்லை. வலது கால் எப்போதும் ஒரு கணம் தாமதம் என்றார். அதைச் சரிசெய்ய இரண்டு வாரம்தான் ஆனது. அதை நினைத்து அவள் இன்னொருமுறை அழுதாள்.

ஆகஸ்டில் வாங்கினாள். அயோவாவிலிருந்து ஒரு செஸ்னா 120. அலுமினிய உடம்பு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, வெயிலில் மங்கிய வெள்ளியில் ஒரு சிவப்புக் கோடு. பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. எடைக் கணக்கினால் டிசம்பரிலேயே தள்ளிவைத்த வகை. இப்போது யாருடைய ரத்த அழுத்தத்தையும் அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பங்குக்கு ஆள் இல்லாததால் கேம்ப்பிங் வண்டியை விற்றாள், மீதிக்கு வங்கியில் கடன் எடுத்தாள். நான்கூட, "பாதிப் பணம் நான் போடறேனே," என்றேன். "வேணாம். கோவிச்சுக்காத," என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் பயணமாக ஆர்டித்தின் வைக்கோல் நிலத்தில் போய் இறங்கி அவளை ஏற்றிக்கொண்டாள். மேலே போனதும், பக்கத்து இருக்கையில் இருந்த கிழவியின் கைக்கு எதிரே இருந்த, ஸ்டியரிங் போன்ற கைப்பிடியைக் காட்டி, "புடிங்க," என்றாள். ஆர்டித் பிடித்தாள். கால்மணி நேரம் விடவேயில்லையாம்.

அக்டோபரில் ஒரு மதியம் வேலன்டைன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் பெட்ரோல் போட இறங்கினாள். பம்ப் முன்னால் பச்சை சாம்ப் நின்றது. கேலன் மட்டும்தான். காற்று நன்றாகக் குறுக்கே அடித்த நாள். அவள் இறங்கியதை அவன் முழுக்கப் பார்த்திருந்தான். அவள் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று காத்திருந்தாள். அவன் போட்டு முடித்துக் குழாயை நீட்டினான்.

"நல்லா இறக்கின," என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்க அவள் ஒரு காலத்தில் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். இப்போது அவன் முகத்தையே பார்த்தாள். உண்மையாகத்தான் சொல்கிறானா, இல்லை வருத்தப்படுவாள் என்று சொல்கிறானா, எவ்வளவு பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஜோலீன் உன்ன ஞாயித்துக்கிழம வரச் சொன்னா," என்றான் அவன். "நாற்காலி அப்படியேதான் இருக்கு. நானும் கேக்கறேன். வா."

"உன் வண்டிய நகத்து, கேலன்," என்றாள் வெர்னா. "எனக்கு இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

அவன் வாலைப் பிடித்துச் சாம்பைத் தள்ளி ஒதுக்கினான். அவள் ஏணியை எடுத்துப்போட்டு ஏறி, இறக்கைமேல் இருந்த டாங்க் மூடியைத் திறந்தாள்.